சுரங்கத்துக்கு அருகே குடிநீர்: ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் கண்காணிப்பது எப்படி?

சுரங்கத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் சுகாதார அதிகாரிகளிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எங்கள் கிணற்று நீர் தெளிவாகத்தானே இருக்கிறது, குடிக்கலாமா?"

இக்கேள்விக்கு நீரைக் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல இயலாது. நீரில் கரைந்த ஆர்செனிக், காரீயம், காட்மியம் ஆகியவற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. உடலுக்குத் தீங்கு தரும் அளவில் இருந்தாலும் நாக்கு அவற்றை உணராது. அளந்து பார்ப்பது ஒன்றே வழி. அந்த அளவீட்டைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான முறையில் தொடர்ந்து செய்வதே கண்காணிப்பு ஆகும்.

கம்பத்திலும் தோட்டப்புறத்திலும் கிணறு, குழாய்க் கிணறு, ஊற்று அல்லது ஆற்று நீரைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்காக இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்களும் ஆசிரியர்களும் இதைக் கலந்துரையாடலுக்குப் பயன்படுத்தலாம்.

இப்பாடத்தைப் படித்தபின் நீங்கள்:
• சுரங்கம் நீரை எவ்வாறு மாற்றுகிறது என்பதை விளக்க முடியும்.
• மாதிரி எங்கே, எப்போது எடுக்கப்பட வேண்டும் என்பதைக் கூற முடியும்.
• ஆய்வுக்கூட அறிக்கையைப் படித்து, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க முடியும்.
• வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை அறிவீர்கள்.

1. சுரங்கம் நீரை எவ்வாறு மாற்றுகிறது?

மூன்று வழிகளை நினைவில் கொள்ளுங்கள்.

முதலாவது, மண் கரைதல். மேல்மண்ணும் மரங்களும் அகற்றப்பட்ட நிலத்தில் பெய்யும் மழை, மண்ணை அடித்துக்கொண்டு ஓடைக்கும் ஆற்றுக்கும் செல்கிறது. இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. 2014 ஜனவரியில் இந்தோனேசியா தாது ஏற்றுமதிக்குத் தடை விதித்த பிறகு, பகாங் மாநிலத்தின் குவாந்தான் பகுதியில் பாக்சைட் தோண்டுதல் வேகமாகப் பெருகியது. பாக்சைட் என்பது அலுமினியத்தின் தாது. அங்கே அது நிலத்தின் மேற்பகுதியிலேயே கிடைப்பதால் பரந்த நிலப்பரப்பு திறந்துவிடப்பட்டது. 2015-இல் மட்டும் 2 கோடி டன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. அவ்வாண்டு டிசம்பர் மாத இறுதியில் பெய்த மழைக்குப் பின் கரையோரக் கடல் நீரே சிவந்து காணப்பட்டது. 2016 ஜனவரி 15 முதல் சுரங்க வேலைக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. அத்தடை பலமுறை நீட்டிக்கப்பட்டு 2019 மார்ச் 31 வரை தொடர்ந்தது.

இரண்டாவது, அமில நீர். சில பாறைகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் இருக்கிறது. நிலத்துக்கு அடியில் அது அமைதியாகக் கிடக்கும். தோண்டி வெளியே குவித்ததும் காற்றும் நீரும் பட்டு கந்தக அமிலம் உருவாகிறது. நுண்ணுயிர்கள் இவ்வினையை மேலும் விரைவாக்குகின்றன. அமில நீர் பாறையில் உள்ள செம்பு, மாங்கனீசு, அலுமினியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடும். ஓடையின் அடியில் ஆரஞ்சு நிறப் படிவு காணப்பட்டால் அது இவ்வினையின் அடையாளமாக இருக்கலாம். சபா மாநிலத்தின் ரானாவ் வட்டாரத்தில் மாமுட் செம்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கியது. அது மூடப்பட்ட பின்னும் அங்கே தோண்டிய பள்ளத்தில் தேங்கிய நீர் அமிலத்தன்மையுடனேயே இருந்து வருகிறது. சுரங்கத்தை மூடுவதால் இவ்வினை தானாக நின்றுவிடுவதில்லை.

மூன்றாவது, தாதுவோடு கூட வரும் நஞ்சும் பதப்படுத்தச் சேர்க்கும் இரசாயனமும். வெள்ளீயத் தாதுவோடும் தங்கத் தாதுவோடும் ஆர்செனிக் கலந்த கனிமம் சேர்ந்து கிடைப்பதுண்டு. தங்கத்தைப் பிரித்தெடுக்கச் சயனைடு பயன்படுகிறது. சிறு அளவில் தங்கம் எடுப்பவர்கள் சில நாடுகளில் பாதரசம் பயன்படுத்துகின்றனர்.

இந்த மூன்றாவது வழியின் விளைவைத் தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மாராட் மாநிலத்தில் உள்ள ரோன் பிபூன் வட்டாரம் காட்டுகிறது. தீபகற்ப மலேசியாவின் வழியே செல்லும் அதே வெள்ளீய வளையத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. பல ஆண்டுகள் அங்கே வெள்ளீயம் தோண்டப்பட்டது. சுரங்கக் கழிவில் இருந்த ஆர்செனிக், மக்கள் குடித்துவந்த ஆழமற்ற கிணறுகளில் கலந்திருந்தது. 1987-இல் தோலில் கருந்திட்டுகளும் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்புகளும் கொண்ட நோயாளிகள் கண்டறியப்பட்டனர். பின்னர் நடந்த ஆய்வுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இத்தகைய தோல் மாற்றங்கள் காணப்பட்டன. அம்மக்கள் பருகிய நீர் கலங்கலாக இல்லை, நாறவும் இல்லை. நீரை முன்பே யாரேனும் அளந்திருந்தால், நோயாளியின் தோலைப் பார்த்துச் சிக்கலை அறிய வேண்டிய நிலை வந்திராது.

2. ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம்

மலேசியத் தமிழர்கள் வழக்கில் "ஈயம்" என்பது பெரும்பாலும் வெள்ளீயத்தையே குறிக்கிறது. ஈயச் சுரங்கம், ஈயக்குட்டை என்று நாம் சொல்வது வெள்ளீயம் தோண்டிய இடங்களைத்தான். மலாயில் இது "தீமா". ஆனால் பாடநூல்களிலும் மருத்துவக் குறிப்புகளிலும் "ஈயம்" என்பது காரீயத்தைக் குறிக்கும். மலாய் அறிக்கைகளில் இது "பிளம்பம்" அல்லது "தீமா ஹீத்தாம்" என்று இருக்கும்.

இவை இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது காரீயம். "ஈயக்குட்டை என்றால் நீரில் ஈய நஞ்சு இருக்கும்" என்று அஞ்சுவதும் தவறு. "ஈயம் நமக்குப் பழகியதுதானே, ஒன்றும் செய்யாது" என்று அலட்சியம் செய்வதும் தவறு. இப்பாடத்தில் இரண்டையும் பிரித்தே எழுதியுள்ளோம்.

அறிக்கைகளில் காணும் வேறு சில மலாய்ச் சொற்கள்: "ஆயர் பெர்முக்காஆன்" என்றால் மேற்பரப்பு நீர், "ஆயர் பாவா தானா" என்றால் நிலத்தடி நீர், "கெக்கெருஹான்" என்றால் கலங்கல், "லோகாம் பெராட்" என்றால் கன உலோகம், "ராக்சா" என்றால் பாதரசம்.

3. மேற்பரப்பு நீரைக் கண்காணித்தல்

ஆறு, ஓடை, கால்வாய், குளம், ஈயக்குட்டை ஆகிய அனைத்தும் மேற்பரப்பு நீர்.

எங்கே? குறைந்தது மூன்று இடங்கள் தேவை. முதலாவது, சுரங்கத்துக்கு மேலே, அதாவது ஆறு சுரங்கப் பகுதியை அடைவதற்கு முன். இரண்டாவது, சுரங்க நீர் வந்து கலந்த பின், நன்கு கலந்துவிட்ட இடத்தில். மூன்றாவது, அதற்கும் கீழே, மக்கள் நீர் எடுக்கும் இடத்தில் அல்லது நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் உள்வாயிலில். மேல் இடத்தின் அளவு இல்லாமல் கீழ் இடத்தின் அளவுக்குப் பொருள் இல்லை. சில மலைப்பகுதி ஓடைகளில் இயற்கையாகவே இரும்பும் மாங்கனீசும் கூடுதலாக இருக்கும். மேலும் கீழும் ஒப்பிட்டால்தான் சுரங்கம் சேர்த்தது எவ்வளவு என்று தெரியும்.

எப்போது? சுரங்கம் தொடங்கும் முன்பே அளவீடு தொடங்க வேண்டும். அதுவே அடிப்படை அளவு. மழைக்காலம், வறண்ட காலம் இரண்டையும் உள்ளடக்கிய அளவாக அது இருக்க வேண்டும். கிழக்குக் கரை மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது ஆற்றின் நிலை முற்றிலும் மாறிவிடும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் கனமழையின்போதும் மாதிரி எடுப்பது அவசியம். பல வாரங்கள் கழிவுக் குவியலில் சேர்ந்திருந்த உப்பும் அமிலமும் அந்த ஒரே மழையில் அடித்து வரப்படும்.

எதை அளப்பது? ஆற்றங்கரையிலேயே உடனே அளக்க வேண்டியவை: வெப்பநிலை, அமில-காரத்தன்மை அளவான பிஎச், மின்கடத்துத் திறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல். இவை போத்தலில் எடுத்துச் செல்லும்போது மாறிவிடும். ஆய்வுக்கூடத்தில் அளக்க வேண்டியவை: மிதக்கும் திடப்பொருள், சல்பேட், கன உலோகங்கள், தங்கச் சுரங்கமானால் சயனைடும்.

நீரோட்டத்தையும் அளக்க வேண்டும். காரணத்தை ஒரு கணக்கின் வழி பார்ப்போம். வறண்ட காலத்தில் ஓர் ஓடையில் விநாடிக்கு 100 லிட்டர் ஓடுகிறது. மாங்கனீசு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். ஒரு நாளில் ஓடிச் செல்லும் மாங்கனீசு ஏறக்குறைய 3.5 கிலோகிராம். மழைக்காலத்தில் விநாடிக்கு 1,000 லிட்டர் ஓடுகிறது, மாங்கனீசு 0.1 மில்லிகிராம்தான். ஒரு நாளில் ஓடிச் செல்வதோ 8.6 கிலோகிராம். அளவெண் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் ஆற்றில் சேர்ந்த மொத்த எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. நீரோட்டத்தைக் குறிக்காத அறிக்கை "நிலைமை மேம்பட்டுவிட்டது" என்று தவறாகக் காட்டும்.

ஆற்றடி வண்டலையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிப்பது நல்லது. உலோகங்கள் வண்டலில் ஒட்டிப் படிந்து, வெள்ளத்தின்போது மீண்டும் கிளம்பும். வயலுக்கும் சென்று சேரும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், கமியோக்கா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் நெல் வயல்களில் படிந்து, சோற்றின் வழியாக மக்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதித்தது. "இத்தாய் இத்தாய்" என்று பெயர் பெற்ற அந்நோயை, சுற்றுச்சூழல் மாசினால் வந்த நோய் என ஜப்பான் அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது.

நீர்த் தரக் குறியீடு பற்றி ஓர் எச்சரிக்கை: சுற்றுச்சூழல் துறை ஆறுகளை வகைப்படுத்தப் பயன்படுத்தும் குறியீடு ஆறு அளவீடுகளைக் கொண்டது. கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை, இரசாயன ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பிஎச் ஆகியவையே அவை. இவற்றின்படி 81 முதல் 100 வரை பெறும் ஆறு தூய்மையானது எனப்படும். ஆயினும் இந்த ஆறில் கன உலோகம் ஒன்றுகூட இல்லை. ஆகவே, "ஆற்றின் குறியீடு 85" என்ற செய்தி ஆர்செனிக் பற்றி எதையும் கூறவில்லை. சுரங்கத்துக்கு அருகில் உலோகப் பரிசோதனையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

4. நிலத்தடி நீரைக் கண்காணித்தல்

ஆற்று நீரில் கலந்த மாசு சில மணி நேரத்தில் உங்கள் ஊரைக் கடந்துவிடலாம். நிலத்தடி நீர் அப்படியன்று. அது மணல், கல் இடுக்குகளின் வழியே மெதுவாக நகர்கிறது. ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் நகர்வதாகக் கொள்வோம். கழிவுக் குளத்திலிருந்து 300 மீட்டர் தொலைவில் உள்ள கிணற்றை அடைய 1,500 நாள், அதாவது நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சுரங்கம் இயங்கும் காலத்தில் சுத்தமாக இருந்த கிணறு, சுரங்கம் மூடப்பட்ட பின் மாசடையலாம். வந்து சேர்ந்த மாசு நீங்கவும் அதே போல் நெடுங்காலம் ஆகும். எனவேதான் சுரங்கம் மூடிய பின்னும் கண்காணிப்பு தொடர வேண்டும்.

நீர் எந்தத் திசையில் நகர்கிறது? இதை அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் தேவை. அவை ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்தின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட வேண்டும். கீழ்க்காணும் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

அ கிணறு: நிலத்தின் உயரம் 52 மீட்டர், நீர் 8 மீட்டர் ஆழத்தில். நீர்மட்டம் 44 மீட்டர்.
ஆ கிணறு: நிலத்தின் உயரம் 46 மீட்டர், நீர் 3 மீட்டர் ஆழத்தில். நீர்மட்டம் 43 மீட்டர்.
இ கிணறு: நிலத்தின் உயரம் 44 மீட்டர், நீர் 4 மீட்டர் ஆழத்தில். நீர்மட்டம் 40 மீட்டர்.

அ கிணற்றில்தான் கயிறு மிக ஆழமாக இறங்குகிறது. ஆனால் நீர்மட்டம் அங்குதான் மிக உயரம். நீர் அ-வின் பக்கமிருந்து இ-யின் பக்கம் நகர்கிறது. கயிற்றின் நீளத்தை மட்டும் ஒப்பிட்டிருந்தால் திசையைத் தவறாகக் கணித்திருப்போம்.

ஓட்டத்துக்கு மேற்புறம் ஒரு கிணறும் கீழ்ப்புறம் இரண்டு அல்லது அதற்கு மேலும் அமைப்பது வழக்கம். சுரங்கப் பள்ளத்தை உலர்த்த நீரை இறைத்து வெளியேற்றினால் சுற்றியுள்ள நீர்மட்டம் பள்ளத்தை நோக்கித் தாழும். ஊர்க் கிணறுகள் வற்றலாம். இறைப்பு நின்றதும் மட்டம் மீண்டும் உயர்ந்து திசையும் மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் மாதிரி எடுக்கும் முன் நீர்மட்டத்தை அளந்து எழுத வேண்டும்.

கண்காணிப்புக் கிணறு என்பது வீட்டுக் கிணறு போன்றதன்று. குறுகிய துளையில் பிளாஸ்டிக் குழாய் இறக்கப்படும். நீர் அடுக்கு உள்ள ஆழத்தில் மட்டும் குழாயில் துளைகள் இருக்கும். மேலிருந்து மழை நீர் இறங்காதபடி குழாயைச் சுற்றிக் களிமண் அடைப்பு இடப்படும். மேலே பூட்டுள்ள மூடி இருக்கும். பூட்டில்லாத, மழை நீர் புகும் கிணற்றின் அளவு நம்பத்தக்கதன்று.

குழாயில் தேங்கியுள்ள நீர் நிலத்தடி நீரின் நிலையைக் காட்டாது. அதனால் முதலில் பழைய நீரை வெளியேற்ற வேண்டும். குழாயில் உள்ள நீரைப் போல் மூன்று மடங்கு இறைப்பது பொது வழக்கம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் நீர் இருக்கும். 6 மீட்டர் நீர் நின்றால் 12 லிட்டர். மூன்று மடங்கு 36 லிட்டர். அவ்வளவு இறைத்து, பிஎச், மின்கடத்துத் திறன் ஆகியவை மாறாமல் நிலைபெற்ற பின்பே போத்தலை நிரப்ப வேண்டும்.

5. மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

குடிநீர்த் தரத்தைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 1983 முதல் நடத்தி வருகிறது. மாவட்ட சுகாதார அலுவலகத்தின் அதிகாரிகள் மாதிரி எடுக்க வரும்போது பின்வருவனவற்றை நீங்கள் காணலாம், கேட்கவும் செய்யலாம்.

• ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனிப் போத்தல். உலோகத்துக்கான போத்தலில் நைட்ரிக் அமிலம் சேர்க்கப்படும்; இல்லையேல் உலோகம் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகத் தெரியும். சயனைடுக்கான போத்தலில் இதற்கு மாறாகக் காரம் சேர்க்கப்படும். இப்போத்தல்களை நீங்கள் திறக்கவோ கழுவவோ வேண்டாம்.
• கரைந்த உலோகத்தை அளக்க வேண்டுமானால் அமிலம் சேர்க்கும் முன் நீர் வடிகட்டப்படும். வடிகட்டாத நீரில் கிடைப்பது, வண்டலில் ஒட்டியதும் சேர்ந்த மொத்த அளவு. அறிக்கையில் எது என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.
• கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தலே வேண்டும்.
• மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் குளிர்ச்சியாக வைக்கப்படும்.
• சரிபார்ப்புக்காகத் தூய நீர் நிரப்பிய ஒரு போத்தலும், ஒரே இடத்தில் எடுத்த இரட்டை மாதிரியும் கூடவே அனுப்பப்படும். தூய நீரில் உலோகம் காணப்பட்டால் பிழை போத்தலிலோ கையாண்ட முறையிலோ உள்ளது.
• இடம், தேதி, நேரம், வானிலை, எடுத்தவர் பெயர் ஆகியவை எழுதப்படும். போத்தல் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற பதிவும் இருக்க வேண்டும்.

6. அறிக்கையைப் படிப்போம்

சுகாதார அமைச்சின் குடிநீர்த் தர வரம்புகளில் சில கீழே உள்ளன. இவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவில் தரப்பட்டுள்ளன.

ஆர்செனிக்: 0.01
காரீயம்: 0.01
காட்மியம்: 0.003
பாதரசம்: 0.001
சயனைடு: 0.07
மாங்கனீசு: 0.1
அலுமினியம்: 0.2
இரும்பு: 0.3
செம்பு: 1.0
சல்பேட்: 250
பிஎச்: 6.5 முதல் 9.0 வரை (இதற்கு அலகு இல்லை)

அறிக்கை கையில் கிடைத்ததும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

அலகு என்ன? சில ஆய்வுக்கூடங்கள் மைக்ரோகிராமில் எழுதும். 1 மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். ஆர்செனிக் 8 மைக்ரோகிராம் என்றால் வரம்புக்குள் உள்ளது. 8 மில்லிகிராம் என்றால் வரம்பைப் போல் 800 மடங்கு.

"இதைவிடக் குறைவு" என்ற குறி உள்ளதா? அந்தக் குறியின் பொருள் பூச்சியம் அன்று. கருவியால் அதற்குக் கீழே காண முடியவில்லை என்பதே பொருள். ஆர்செனிக் "0.02-க்குக் குறைவு" என்று எழுதப்பட்டிருந்தால், வரம்பு 0.01 என்பதால், நீர் பாதுகாப்பானதா என்பதை அந்த அறிக்கை கூறவே இல்லை. மேலும் நுட்பமான சோதனையைக் கேளுங்கள்.

மேல் இடத்தின் அளவு எங்கே? ஒப்பிட ஒன்றும் இல்லாத ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

முந்தைய அளவுகள் எங்கே? ஒரே அறிக்கை ஒரு நாளைக் காட்டும். பல அறிக்கைகளை வரிசையாக வைத்தால்தான் போக்கு தெரியும்.

7. பயிற்சி

பயிற்சிக்காக அமைத்த எண்கள் இவை. ஒரு கழிவுக் குளத்துக்குக் கீழ்ப்புறம் உள்ள கண்காணிப்புக் கிணற்றில் நான்கு ஆண்டுகள் எடுத்த அளவுகள்:

முதல் ஆண்டு: மின்கடத்துத் திறன் 180, சல்பேட் 12, ஆர்செனிக் 0.002
இரண்டாம் ஆண்டு: மின்கடத்துத் திறன் 240, சல்பேட் 30, ஆர்செனிக் 0.002
மூன்றாம் ஆண்டு: மின்கடத்துத் திறன் 410, சல்பேட் 95, ஆர்செனிக் 0.003
நான்காம் ஆண்டு: மின்கடத்துத் திறன் 690, சல்பேட் 190, ஆர்செனிக் 0.006

மேற்புறக் கிணற்றில் நான்கு ஆண்டும் மின்கடத்துத் திறன் 170 முதல் 185 வரை, சல்பேட் 10 முதல் 13 வரை, ஆர்செனிக் 0.002.

கேள்விகள்:
அ. நான்காம் ஆண்டில் ஏதேனும் அளவு குடிநீர் வரம்பைத் தாண்டியுள்ளதா?
ஆ. அப்படியானால் கவலைப்படத் தேவையில்லையா?
இ. எது முதலில் எச்சரித்தது?

விடை: வரம்பை எதுவும் தாண்டவில்லை. ஆயினும் மேற்புறக் கிணறு மாறாமல் இருக்க, கீழ்ப்புறக் கிணறு ஆண்டுதோறும் மாறி வருகிறது. கழிவுக் குளத்து நீர் கிணற்றை நோக்கி வருகிறது என்பதற்கு இது வலுவான அறிகுறி. மின்கடத்துத் திறனும் சல்பேட்டும் இரண்டாம் ஆண்டிலேயே உயரத் தொடங்கின. சல்பேட் நீரோடு சேர்ந்து தடையின்றி நகரும்; ஆர்செனிக்கும் பிற உலோகங்களும் மண்ணில் ஒட்டி ஒட்டிப் பின்தங்கி வரும். ஆர்செனிக்கை மட்டும் பார்த்தவர் மூன்றாம் ஆண்டு வரை ஒன்றும் இல்லை என்றே எண்ணியிருப்பார். மின்கடத்துத் திறனைக் கையடக்கக் கருவியால் சில நிமிடத்தில் அளக்கலாம். செலவு குறைந்த அந்த அளவீடே முதல் காவலாளி. வரம்பைத் தாண்டும் வரை காத்திராமல், போக்கு மாறும்போதே நடவடிக்கை எடுப்பதற்காகத்தான் கண்காணிக்கிறோம்.

8. உடல்நலமும் வீட்டுப் பழக்கமும்

ஆர்செனிக் கலந்த நீரைப் பல ஆண்டுகள் பருகினால் தோல் மாற்றங்களும் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயும் ஏற்படக்கூடும். காரீயம் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. பாதரசம் மீனின் உடலில் சேர்ந்து, அதை உண்ணும் கர்ப்பிணியின் வழியாகக் கருவை அடைகிறது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சிறுவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு முதலில் பாதுகாப்பான நீரை ஒதுக்குங்கள்.

செய்ய வேண்டாம்:
• கொதிக்க வைத்தால் உலோகம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். கொதிநீர் கிருமியைக் கொல்லும், உலோகத்தை நீக்காது. நீர் ஆவியாகக் குறைவதால் மீதமுள்ள நீரில் உலோகத்தின் செறிவு சற்றே கூடும்.
• படிகாரம் போட்டுத் தெளிந்ததும் நீர் பாதுகாப்பானது என்று முடிவு செய்ய வேண்டாம். கலங்கல் அடங்கும், கரைந்தவை தங்கிவிடலாம்.
• சாதாரணக் கரி வடிகட்டியை ஆர்செனிக்குத் தீர்வாகக் கொள்ள வேண்டாம். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் கருவி பல உலோகங்களைக் குறைக்கும். ஆனால் முறையாகப் பராமரித்து, வடிகட்டிய நீரையும் சோதித்தால்தான் நம்பலாம்.
• சோதிக்கப்படாத கிணற்று நீரில் குழந்தைக்குப் பால்மாவு கரைக்க வேண்டாம்.
• ஓடை நீரின் நிறம் திடீரென மாறினாலோ, மீன்கள் செத்து மிதந்தாலோ அந்நீரைத் தொட வேண்டாம். மீனையும் எடுத்து உண்ண வேண்டாம்.

செய்ய வேண்டும்:
• கிணற்றின் இடம், ஆழம், நீர்மட்டம், நிறம், மணம் ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். சுரங்கம் வருமுன் எழுதிய ஒரு பக்கம், வந்த பின் எழுதிய பத்துப் பக்கத்துக்குச் சமம்.
• குழாய் நீர் கிடைக்குமானால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். கிணற்று நீரைக் கழுவுவதற்கு மட்டும் ஒதுக்கலாமா என்பதைச் சுகாதார அதிகாரியிடம் கேட்டறியுங்கள்.
• சோதனை முடிவின் நகலைக் கேட்டுப் பெற்று, வரிசையாக வைத்திருங்கள்.
• பழைய ஈயக்குட்டை நீரை நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம். 2014 வறட்சியின்போது சிலாங்கூரில் இத்தகைய குட்டைகளின் நீர் ஆற்றில் சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்தே வீடுகளுக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள குட்டைக்கும் குழாய்க்கும் இடையே அத்தகைய நிலையம் இல்லை.

9. யாரிடம் தெரிவிப்பது?

குடிநீர், கிணறு, உடல்நலம் தொடர்பானவற்றை மாவட்ட சுகாதார அலுவலகத்திடமும், ஆற்று மாசுபாட்டைச் சுற்றுச்சூழல் துறையிடமும், சுரங்க நடவடிக்கை, நிலத்தடி நீர் தொடர்பானவற்றைக் கனிமவள, புவி அறிவியல் துறையிடமும் தெரிவிக்கலாம். தெரிவிக்கும்போது இடம், தேதி, நேரம், நீங்கள் கண்டது ஆகிய நான்கையும் கூறுங்கள். படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். காரணம் யார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கண்டதைக் கண்டபடி கூறினால் போதும்.

தோலில் காரணமின்றித் திட்டுகள், உள்ளங்கையில் தடிப்புகள், கை கால் மரத்துப்போதல் ஆகியவை நீடித்தால் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கை நாடுங்கள். எந்த நீரை, எத்தனை ஆண்டுகளாகப் பருகி வருகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

நினைவில் கொள்க
• தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அன்று.
• மேல், கீழ் இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்பு, இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள்.
• ஆற்றில் மாசு விரைந்து வரும். நிலத்தடியில் தாமதமாக வந்து நெடுநாள் தங்கும்.
• கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து; உலோகத்துக்கு அன்று.
• உங்கள் கிணறு கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பது உங்களுக்கு நினைவில்லை என்றால், இந்த வாரமே மாவட்ட சுகாதார அலுவலகத்தை அணுகவும்.